சித்தி வாராங்க

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, மொட்டை மாடியில் காயும் வேட்டியைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அப்படியோர் ஆடியில்தான் என் சித்தி முதன்முதலாகத் தனியே விமானம் ஓட்டினாள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டினாலே திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவுக்குத் தங்கையை நினைத்துப் பெருமை பாதி, பயம் பாதி. அன்று காலை சித்தி அவசரத்தில், "நான் போறனுங்க்கா" என்று சொல்லிவிட்டாள். அம்மா விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள்.

"போறேன்னு சொல்லாதே. போய்ட்டு வாரேன்னு சொல்லு."

சித்தி சிரித்துக்கொண்டே அப்படிச் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா, அம்மா, நான் மூவரும் விமான நிலைய வேலியோரம் நின்றோம். காற்று எழும்புமுன் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிடுவதாக ஏற்பாடு. காற்றிடம் யார் சொல்வது? சித்தி மேலே போனதுமே அது கிளம்பிவிட்டது. அம்மாவின் முந்தானை பறந்து வந்து என் முகத்தை மூடியது.

அந்தக் குட்டி விமானம் மூக்கை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு ஆடி ஆடி இறங்கியது. தரையைத் தொடும் நேரத்தில் காற்று ஓர் இறக்கையைத் தூக்கிவிட்டது. உடனே விமானம் உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. சித்தி எங்களுக்காக வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்து நான் கைதட்டிக் குதித்தேன்.

"அம்மா, சித்தி போறாங்க! சித்தி போறாங்க!"

முதுகில் ஓர் அறை விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை.

"வாராங்கன்னு சொல்லு. சொல்லு கண்ணு, சித்தி வாராங்கன்னு சொல்லு!"

அடித்துவிட்டுக் கண்ணு என்கிறாளே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே சொன்னேன்.

"ஒண்ணும் ஆகாது அம்மணி, காத்து தணியட்டும்னு சுத்தறா" என்றார் அப்பா, அம்மாவிடம். அவர் கையும் வேலிக் கம்பியை விடவில்லை.

அடுத்த முறை ஒரு சக்கரம் முதலில் பட்டது. விமானம் ஒரு குலுக்குக் குலுங்கியது. பிறகு மற்றதும் பட்டு, ஓடி நின்றது.

வெளியே வந்த சித்தி அழுது சிவந்த என் கண்ணைப் பார்த்து, நடந்ததைக் கேட்டதும், "ஏங்க்கா, புள்ளைய எதுக்கு அடிச்சீங்க?" என்று சண்டைக்குப் போனாள். அம்மாவோ கலைந்திருந்த தங்கையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு சொல்லுக்காக அடியா என்று எனக்கு ரொம்ப நாள் கோபம். அவ்வளவு பெரிய ஆகாயத்தில் தங்கையைப் பிடித்து நிறுத்த அம்மாவிடம் அன்று அந்த ஒரு சொல்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.