மரத்துக்குக் கூரை போட்டவர்கள்

கோவில் தலைவரே, நம் கோவில் வேப்பமரத்தைப் பட்டினி போட்டுக் கொன்றது நீங்கள்தான். அந்தப் பழியை என் தலையில் கட்டி, என் மேசையைத் தூக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

சுங்கை ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்த அம்மன் கோவில் வாசலில், மரத்தடியில் மேசை போட்டு, காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், விற்பவள் நான். எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் லோரி ஏறுவதற்கு முன் அந்த நிழலில் நின்றுதான் சாப்பிடுவார்கள்.

போன திருவிழாவுக்கு முன்னால் கோவிலுக்கு ஜிங்க் தகட்டுக் கூரை போட்டீர்கள். அம்மன் குடியிருக்கும் மரம் என்று அதையும் கூரைக்குள் இழுத்தீர்கள். மேல் கிளைகளை அறுத்துவிட்டு மிச்சத்தைத் தகட்டுக்கு அடியில் அடைத்தீர்கள். நான் கேட்டேன்.

"மரத்துக்கே நெழலா? நாளைக்கு மீனுக்குக் கொடை புடிப்பீங்க போல."

"அம்மா மழையில நனையுறாங்கல்ல அக்கா. நீ போயி பொட்டலத்தக் கட்டு."

நீங்கள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள்.

திருவிழாவில் கரகத்துக்கு, தோரணத்துக்கு, தீ மிதிப்பவர்கள் கைக்கு என்று மிச்சமிருந்த வேப்பிலைக் கொத்தையும் உருவினார்கள். மரம் மொட்டையாக நின்றது. அதற்குப் பதிலாக வேரில் குடம் குடமாகப் பால் ஊற்றினீர்கள். "வயிறு ரொம்பட்டும்" என்றீர்கள்.

கொஞ்ச நாளில் அடிமரத்தில் துளிர் வந்தது. வெளிறிப்போன மஞ்சள் துளிர். நானும் கும்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் மைக்கைப் பிடித்து அற்புதம் என்றீர்கள். தூரத்துச் செரண்டாவிலிருந்துகூட கார் போட்டு வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு துளிரைப் பிரசாதமாகக் கிள்ளிக்கொண்டு போனார்கள். மறுபடி துளிர்த்தது, இன்னும் சின்னதாக. அதையும் கிள்ளினார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

தினமும் என்னிடம் பொட்டலம் வாங்கும் தமிழ்ப்பள்ளி டீச்சரிடம் கேட்டேன், இவ்வளவு பால் ஊற்றியும் ஏன் காய்கிறது என்று. அவர் மரப்பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சையே இல்லை.

"பாலக் குடிச்சு மரம் என்னக்கா பண்ணும்? வேரு தண்ணியும் மண்ணுல உள்ள உப்பும்தான் இழுக்கும். சாப்பாடு எலையிலதான் வேகுது. வெயில்தான் அடுப்பு."

"அப்ப அந்தத் துளிரு?"

"முன்னாடி செஞ்ச சாப்பாட்ட மாவா மாத்தி மரத்துலயும் வேருலயும் சேத்து வச்சிருக்கும். அதச் செலவு பண்ணித்தான் எல விட்டுச்சு, திரும்பச் சமைக்கலாம்னு. நீங்க எலையப் புடுங்கிட்டீங்க."

அற்புதம் என்று நாம் கும்பிட்டது, பசியில் கிடந்த ஒன்று கடைசிப் பிடி மாவை எடுத்து அடுப்பு மூட்டப் பார்த்ததைத்தான். நாம் கும்பிட்டுக்கொண்டே அடுப்பை உடைத்திருக்கிறோம். அன்று என்னால் ஒரு பொட்டலமும் கட்ட முடியவில்லை.

அடுத்த பூஜையில் நீங்கள் மைக்கில் சொன்னீர்கள்: தீட்டோடு ஒருத்தி மரத்தடியில் கடை போட்டாள், அதனால் அம்மா மரத்தை விட்டுப் போய்விட்டாள் என்று. எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. இன்று என் மேசை சாலையோரம் வெயிலில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருவேன். அதே மைக்கில், அதே சனத்துக்கு முன்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். வெயிலும் இல்லாமல் இலையும் இல்லாமல் அந்த மரம் எதைத் தின்று உயிரோடு இருந்திருக்கும்? சொல்லுங்கள்.