பிலிப் அண்ணை இன்டர்வியூவுக்குப் போன நாள்

ஈரப் புல், வீரர்கள் காலில் தேய்க்கும் மருந்தெண்ணெய், அப்போதுதான் வடித்த கோப்பி... மூன்றும் கலந்த ஒரு மணம். ரண்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தின் அறை அது. எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் டென்மார்க் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்தக் கழகம் அப்போதுதான் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. தலைமைப் பயிற்சியாளருக்குத் துணையாக அனுபவமுள்ள இரண்டு பேரைத் தேடினார்கள். முன்வரிசையைப் பார்க்க ஒருவர், டிபென்ஸைப் பார்க்க ஒருவர். எங்களுடைய டெனிஷ் வகுப்பு ஆசிரியை கிர்ஸ்டன்தான் வந்து சொன்னார். அவருடைய கணவர் கழகத்தின் கமிட்டியில் இருந்தார்.

வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை பிலிப் அண்ணை. மன்னார்க்காரர். பன்னிரண்டு வருடம் ஊர் அணியின் டிபென்ஸைப் பழக்கியவர்.

"இஞ்சை வந்த நாளிலயிருந்து எல்லாரும் எனக்குப் படிப்பிக்கினம் தம்பி. எனக்குத் தெரிஞ்சதை ஒருத்தரும் கேக்கேல்லை. உதுக்கு ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்றார்.

அவருக்கு டெனிஷும் வராது, இங்கிலிஷும் வராது. எனக்கு இங்கிலிஷ் ஓரளவு ஓடும். ஆகவே மொழிபெயர்க்க நான்.

போனோம்... அண்ணை யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில். சான்றிதழ்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒருவரும் அதைத் தொடவில்லை. எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கேக் வெட்டித் தந்தார்கள். இன்டர்வியூவில் கேக்கா? எனக்கு எல்லாமே புதினமாக இருந்தது.

அதைவிடப் புதினம் அவர்கள் கேட்ட கேள்வி. "உங்களால் தோற்ற ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் கமிட்டித் தலைவர்.

அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பைனல். கோலில்லாமல் நிக்கிறம். முடிய ரெண்டு நிமிசம். நான் துவாயைத் தூக்கினா டிபென்ஸ் நாலு பேரும் ஒண்டா முன்னுக்கு ஓடவேணும், எதிராளி ஓப்சைட்டில நிப்பான். அப்பிடிப் பழக்கி வைச்சிருந்தனான். அண்டைக்குச் சரியான வெயில். முகத்தைத் துடைக்கத்தான் துவாயைத் தூக்கினனான்... நாலு பேரும் ஓடிட்டாங்கள்! பந்தோட வந்தவன் தனிய உள்ளுக்குப் போய் அடிச்சிட்டான். கப் போச்சு. அதோட சைகையை விட்டிட்டன், எல்லாம் வாயாலதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

"அவர் துவாயை உயர்த்தினார், நான்கு பேரும் முன்னே ஓடினார்கள், எதிரணி ஓப்சைட்டில் மாட்டிக்கொண்டது, கப் எங்களுக்கு" என்று இங்கிலிஷில் சொன்னேன்.

வேலை கேட்டுப் போன இடத்தில் தன் பிழையைத் தானே அவிழ்த்துவிடுகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அண்ணையின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணை கேட்டார். "ஏன் தம்பி உவங்கள் சிரிக்கேல்லை? மன்னாரில இந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரிப்பாங்கள்."

"டெனிஷ்காரர் அப்பிடித்தான் அண்ணை."

இரண்டு கிழமை கழித்துக் கிர்ஸ்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கள் நண்பருக்கு விஷயம் தெரிகிறது என்று எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் தோல்வியைக் கேட்டால் வெற்றியைச் சொல்கிறாரே என்று யோசித்தார்களாம்." அந்த வேலைக்கு எடுபட்டவர், தன்னுடைய அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய கதையை அரை மணித்தியாலம் சொன்னாராம்.

அண்ணையிடம் "கிடைக்கேல்லையாம்" என்று மட்டும் சொன்னேன். "சரி, விடு" என்றார். பிறகு இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்து, பென்ஷன் எடுக்கும்வரை அங்கேயேதான் நின்றார். எந்தக் கழகத்துக்கும் பிறகு அவர் விண்ணப்பிக்கவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஆள் எடுக்கும்போது ஊழியர் சார்பில் நானும் மேசையில் இருக்கிறேன். அதே கேள்வியை நாங்களும் கேட்கிறோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்கள் பிழையை வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கேள்வி வரும்போது மட்டும் என்னால் தலையை நிமிர்த்த முடிவதில்லை.

அண்ணை இன்றைக்கும் கலியாண வீடு, பிறந்தநாள் எங்கே போனாலும் அந்தத் துவாய்க் கதையைச் சொல்லுவார். சபை முழுக்கச் சிரிக்கும். கடைசியில், "டெனிஷ்காரருக்குத்தான் உது விளங்கேல்லை" என்று முடிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்... எத்தனையோ வருடம்.

அவர் பேஸ்புக் பார்ப்பதில்லை. அவருடைய மகள் ஷர்மிளா பார்ப்பாள்.

ஷர்மிளா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு பிள்ளை. டெனிஷ்காரருக்கு அந்தக் கதை விளங்காமல் இல்லை. அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.