சிரிக்காமல் சொன்ன நன்றியுரை

சனத்தைச் சிரிக்கவைக்கப் பகிடி எழுதுகிற சகோதரங்களே, உங்களுக்குத் தெரியாததா? கலியாண வீட்டில் சமைக்கிறவருக்குக்கூட 'கறி நல்லாயிருந்தது' என்று ஒரு சொல் கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது 'போன மாதத்து அளவுக்கு இல்லை' என்பதுதான்.

ஐஸ்கிரீம் டப்பா

தொண்ணூறுகளில் மெல்பேர்ண் தமிழ் மாத இதழொன்றில் பகிடிப் பத்தி எழுதினேன். விழாவுக்கு வரும்போதே வெறும் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து, மிச்சச் சோற்றை அள்ளிக்கொண்டு போகிற ஓர் அன்ரியைப் பற்றி ஒருமுறை எழுதிவிட்டேன். அவ்வளவுதான். தங்களைத்தான் எழுதியிருக்கிறாள் என்று வீட்டுக்கு வீடு கோபம். இதழாசிரியர் மாஸ்டருக்கு ரெலிபோன் ஓயவில்லை. நான் உண்மையில் மனதில் வைத்து எழுதிய சரோஜா அன்ரி மட்டும் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எழுதியிருக்கிறீர் பிள்ளை. உப்பிடியும் சனம் இருக்குதுதான்."

இறுக்கின முகம்

மாஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: ஆண்டுவிழாவில் அதே விஷயத்தை எல்லார் முன்னாலும் பேசவேண்டும், சபை சிரித்தால் பத்தி தொடரும், முறைத்தால் நிற்பாட்டப்படும். அந்தப் பத்தி ஒன்றுதான் இந்த நாட்டில் எனக்கென்று இருந்தது.

எங்கள் புறநகரான வெரிபீயின் நூலகத்தில் ஒரு புத்தகம் அகப்பட்டது. அதில் வந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவர், அச்சுக்கோர்க்கத் தொடங்கி, பத்திரிகையில் பகிடி எழுதி, பிறகு ஊர் ஊராய் மேடையேறியவர். பேசும்போது தான் சிரிக்கவே மாட்டாராம். சபை சிரித்தால், என்ன நடந்தது என்று கவலையோடு பார்ப்பாராம். என் பகிடிக்கு முதலில் சிரிக்கிறது நான்தானே! அன்றிலிருந்து குசினியில் சமைக்கும்போதெல்லாம் முகத்தை இறுக்கிவைத்துப் பழகினேன். என் மனுசன் பயந்துபோனார். "என்னப்பா, ஊரிலயிருந்து ஏதும் கெட்ட சேதி வந்ததே?"

கொத்துரொட்டி ஆறின கதை

மாஸ்டர் எனக்குத் தந்தது நன்றியுரை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கட சனம் சாப்பாட்டுக்குக் கியூவில் நின்றுவிடும். அன்றும் சனம் எழும்பக் கதிரைகள் இழுபட்டன. நான் செத்தவீட்டு முகத்தோடு தொடங்கினேன். "போன மாதம் நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்."

எழும்பினவர்கள், மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று அப்படியே நின்றார்கள்.

"டப்பா கொண்டுவாற அன்ரியைப் பற்றி எழுதினன். மூடியை வீட்டில விட்டிட்டு வந்து பேச்சு வாங்கிற அங்கிளைப் பற்றி எழுதேல்லை."

மண்டபம் அதிர்ந்தது. நான் கவலையோடு பார்த்தேன். இன்னும் சிரித்தார்கள். நின்றவர்கள் திரும்பக் கதிரையில் இருந்தார்கள். சரோஜா அன்ரி பக்கத்திலிருந்த அங்கிளை முழங்கையால் இடித்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பத்தி பிழைத்துவிட்டது, எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நான் நிறுத்தவில்லை. கடைசியில் சமையல்காரத் தம்பி கரண்டியோடு மேடையடிக்கு வந்தான். "அக்கா, தயவுசெய்து முடியுங்கோ. கொத்துரொட்டி ஆறுது, ஒரு சனமும் வரேல்லை."

நன்றியுரையால் சாப்பாட்டைத் தோற்கடித்த ஒரே ஆள் இந்த நகரத்தில் நான்தான் என்பதால், இன்றுவரை சாப்பாட்டுக்கு முன் எனக்கு ஒருவரும் மைக் தருவதில்லை.