தலைவரம்மாவின் கட்டைவிரல்

காவாந்தண்டலத்துக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் ராஜாராமை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். தேர்தலில் நின்றவளும் ஜெயித்தவளும் அவருடைய மனைவி கனகா. ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்? போஸ்டரில் கனகாவின் படம் தபால்தலை அளவில் ஒரு மூலையில் இருந்தது. மிச்ச இடத்தில் ராஜாராம் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஜெயித்த மறுநாள் அவர் தலைவர் ஆனார், அவள் தலைவர் சம்சாரம் ஆனாள்.

இரண்டாயிரத்து ஏழில் சென்னையிலிருந்த ஒரு தொண்டு நிறுவனம் பெண் தலைவர்களாகத் தேடிப்பிடித்து ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்தது. மேசைமேல் வைக்கிற பெட்டி இல்லை, மடியில் வைத்துக்கொண்டு பேனாவால் எழுதுகிற தினுசு. பயிற்சிக்குத் தலைவர்கள்தான் வரவேண்டும், கணவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துத் திருமுக்கூடலில் ஒரு கல்யாணம். ராஜாராம் இல்லாமல் எந்தப் பந்தியும் உட்காராது என்பது அவருடைய நம்பிக்கை.

"நீயே போயி வாங்கிக்கினு வந்துடு. இன்னா கேட்டாலும் எங்க வூட்டுக்காரர கேட்டுச் சொல்றேன்னு சொல்லு" என்று மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே அதிக விலை கொடுத்துச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

கனகா கறுப்புப் பையோடு திரும்பி வந்ததும், புது வண்டிக்குச் செய்கிற மரியாதை எல்லாம் நடந்தது. மூலையில் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அப்புறம் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே இது, பட்டனே காணோம். எல்கேஜி பசங்க சிலேட்டு மாதிரி கீது."

பேனாவால் தட்டினார். விரலை வை என்றது. ஓரத்தில் இருந்த சின்னக் கண்ணாடியில் தம் கட்டைவிரலை வைத்தார். சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து வைத்தார். மறுபடியும் பெருக்கல் குறி. பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று சென்னையைத் திட்ட ஆரம்பித்தார்.

சமையற்கட்டிலிருந்து கனகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து, பயிற்சியில் பதிந்துவிட்டு வந்த கட்டைவிரலை வைத்தாள். டிங்கென்று சத்தம் வந்து பச்சைப் பசேலென்று ஒரு வயல் விரிந்தது.

"தொறந்துகிச்சிங்க" என்றாள், ஏதோ அவளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

அதற்குப் பிறகு ராஜாராம் எங்கே போனாலும் இரண்டு சாமான் எடுத்துப் போக வேண்டியிருந்தது, பையில் கம்ப்யூட்டர், வண்டியின் பின்சீட்டில் கனகா. கொஞ்ச நேரம் பேனாவை ஓட்டாவிட்டால் அந்தச் சனியன் தானாகத் தூங்கிவிடும். உடனே விரல் வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் சிநேகிதர்கள் கேலி செய்தார்கள்.

"இன்னா தலைவரே, சம்சாரத்தையும் இட்டாந்துகீறீங்க?"

"மிஷினு கேக்குது நைனா, நானா கேக்கறேன்" என்பார். கனகா அவர் பக்கத்தில் மை டப்பா போல உட்கார்ந்திருப்பாள்.

நடவு முடிந்த சமயத்தில் நிறுவனத்திலிருந்து சௌமியா என்ற பெண் வந்தாள். கம்ப்யூட்டருக்குள் ஊர்ப்படத்தை ஏற்றினாள். ஊராட்சிக்கு ஒரு போர்வெல்லும் தண்ணீர்த் தொட்டியும் இலவசமாகப் போட்டுத் தருகிறார்களாம். தலைவர் விரலை வைத்துப் படத்தில் எங்கே புள்ளி வைக்கிறாரோ அங்கே. புள்ளி வைத்த படத்தை அடுத்த மாதம் வந்து எடுத்துப் போவேன் என்றாள்.

இடம் ராஜாராமின் மனதில் ஏற்கெனவே இருந்தது. மேட்டுப் புறம்போக்கு. பேருக்குப் பொது நிலம், அதற்கும் அவருடைய கத்திரிக் கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. கோடையில் அவர்களுக்கு ஏரிக்குள் ஊற்று தோண்டினால்தான் குடிக்கத் தண்ணீர். கனகாவோடு நடவு நடுகிற பாஞ்சாலி அங்கேதான் இருந்தாள். வருஷா வருஷம் அவள் தலைவரிடம் முறையிடுவாள், தலைவரும் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். சொன்ன சொல் தவறாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விரல வைமே" என்றார். கனகா வைத்தாள். பெருக்கல் குறி வந்தது. இன்னொரு தரம் வைத்தாள், அதே குறி.

சௌமியா அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ரேகையெல்லாம் தேஞ்சு போயிருக்கு சார். சேறு, சாம்பல், சோப்புத்தூள் எதுவும் படக்கூடாது. தினமும் தேங்காயெண்ணெய் தடவுங்க, தோல் திரும்பி வந்துடும்."

"அந்தப் பேஜாரெல்லாம் எதுக்கு? என் விரலப் போட்டுக்கோயேம்மா."

"தலைவர் யாரோ அவங்க விரல்தான் சார்."

அன்றைக்கு ராஜாராம் உத்தரவு போட்டார், கனகா தண்ணீரில் கை வைக்கக்கூடாது. ஆள் வைக்கலாம் என்றால், ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் சங்கதி வெளியே போகும். கடைசியில் பின்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தலைவரே பாத்திரம் தேய்த்தார், துணி துவைத்தார், புளி கரைத்தார். காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு மனைவி எதிரில் உட்காருவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவர் திருப்பிப் பார்த்ததில்லை. வெடிப்புக்குள் சேறு கறுப்பாக ஏறிக் கிடந்தது. அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டத்தோடேயே, "கட்ட விரலுக்கு மட்டும் இன்னும் ரெண்டு சொட்டு விடறேன், இரு" என்றார்.

கை சும்மா இருந்தால் கனகாவுக்குப் பொழுது போகவில்லை. கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். பேனாவால் கோடு இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். ஒரு நாள் பாஞ்சாலி பின்கதவைத் தட்டினாள். சாம்பல் கையோடு கதவைத் திறந்த தலைவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யக்காவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறா. உள்ள போ."

உள்ளே இரண்டு பேரும் எதையோ பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பொம்பளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ராஜாராம் குழம்புச்சட்டியின் அடிப்பிடிப்பைச் சுரண்டினார். விரல் சரியாகிவிட்டதா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சௌமியா மறுபடி வந்தபோது ராஜாராம் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தார். கனகா விரலை வைத்தாள். டிங்கென்றது. அவர் முகம் மலர்ந்து பேனாவைக் கையில் எடுத்தார்.

"புள்ளி போன வாரமே வெச்சாச்சே சார்" என்றாள் சௌமியா, படத்தில் தேதியைப் பார்த்துவிட்டு. "ஏரிக்கரை, இருளர் குடியிருப்பு. நல்ல இடம்."

ராஜாராம் குனிந்து பார்த்தார். ஏரிக்கு ஓரத்தில் சிவப்பாகக் குண்டுமணி அளவில் இருந்தது.

"தப்பா வெச்சிட்டா. அழிச்சிடலாம்."

"அழிக்கணும்னா அம்மாதான் இன்னொரு தடவை விரல் வைக்கணும்."

"கனகா, விரல வை."

கனகா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவங்க பசங்க ஊத்துத் தண்ணி குடிச்சிட்டு வவுத்தப் புடிச்சிக்கினு கெடக்குதுங்க. நான் அழிக்க மாட்டேங்க. நீங்க போயி மிச்ச பாத்திரத்தப் பாருங்க, நான் இவங்களாண்ட பேசிக்கினு கீறேன்."

ராஜாராமுக்கு வாய்வரைக்கும் ஒரு கத்தல் வந்தது. இனிமேல் ஒரு டம்ளரைக்கூடக் கழுவப்போவதில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் சௌமியா, அடுத்த மாதம் தெருவிளக்கு வருகிறது, அதற்கும் இதிலேயே புள்ளி வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெருவிளக்குக்கும் அந்த விரல் வேண்டும். விரல் தேயாமல் இருக்க வேண்டும்.

அவர் வாயை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், தாழைப் போட்டுவிட்டு, சாம்பலைக் கையில் எடுத்தார். சுருக்கென்று எரிந்தது. அவருடைய கட்டைவிரலிலும் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. அதை எந்த மிஷினும் கேட்கப்போவதில்லை.