அடுப்படிச் சுவரில் இருந்த வேல்

பிள்ளைகளா, போன மாதம் பூசை முடிந்து ஆயர் பங்களாவைப் பார்க்கப் போனோமே, அங்கே விறாந்தையில் தொங்கும், வீட்டின் சரித்திரம் எழுதிய பலகையை வாசித்துவிட்டு, "அப்பா, இத முழுக்க வெள்ளக்காரச் சாமிமாருங்கதான் கட்டினாங்களா?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அது பொய்.

அந்த வீடு ஒரே தடவையில் எழும்பியதல்ல. முன்பக்கக் கருங்கல் கட்டு ஒரு தோட்டத் துரையின் பங்களா. ஆயர் வாங்கிய பிறகுதான் வளைவு வைத்த விறாந்தையும் உள்ளே சின்னக் கோயிலும் வந்தன. எல்லாவற்றுக்கும் மூத்தது பின்னால் இருக்கும் அடுப்படி. நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது அங்கே மேசன் வேலை செய்தேன்.

ஈரம் ஊறிய பூச்சைத் தட்டியபோது உள்ளே பழைய சுண்ணாம்புச் சாந்து தெரிந்தது. அதில் ஒரு வேல் கீறியிருந்தது. பக்கத்தில் ஐந்து விரலும் பதிந்த கை. சாந்து காயுமுன் வைத்த கை. கல் சுமந்து கட்டிய நம் ஆளுடையதுதான். வெள்ளைக்காரனா வேல் போடுவான்?

வேலையை நடத்திய பெரிய பாஸிடம் காட்டினேன்.

"வேதக்கார வீட்டுல வேலா? பேசாம மூடுய்யா. நீதான் கீறினேன்னு சொல்லிப்புடுவாங்க," என்று சிரித்தார்.

முறைப்படி அதன் மேல் சுண்ணாம்புதான் பூச வேண்டும்; அது ஊறப் பல நாள் ஆகும். அதற்குள் திருநாளுக்கு ஆயர் வந்துவிடுவார். சீமெந்தைக் குழைத்து அப்பிவிட்டேன்.

அந்தக் கிழமையே, வீட்டின் சரித்திரம் எழுத ஓர் அம்மா வந்தார். "தம்பி, தோட்டத்து ஆக்கள் கட்டினதுக்கு இங்க ஏதும் அடையாளம் இருக்கா?"

ஈரச் சுவர் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"அப்படி ஒன்னும் இல்லைங்க மிஸ்."

பலகையில் நம் ஆட்கள் இல்லாமல் போனது அப்படித்தான்.

நீங்கள் கேட்ட அன்றே வாளியில் சுண்ணாம்பை ஊறப் போட்டேன். பத்து நாள் கழித்துப் பங்குச் சாமியிடம் உள்ளதைச் சொல்லி, அனுமதி வாங்கி, தனியாக அடுப்படிக்குப் போனேன். உளி வைத்துச் சீமெந்தை மெதுவாகப் பெயர்த்தேன். அது பழைய சுண்ணாம்பையும் பிடித்திழுத்துக்கொண்டே வந்தது. வேலும் இல்லை, கையும் இல்லை. வெறும் கல். சுண்ணாம்பின் மேல் சீமெந்து போட்டால் இப்படித்தான் ஆகும். அப்பியபோதே எனக்கு அது தெரியும்.

ஊறிய சுண்ணாம்பைக் குழைத்து அந்த இடத்தை அடைத்தேன். ஈரத்தில் என் கையைப் பதிக்கத் தோன்றியது. பதிக்கவில்லை. பூச்சுக் கரண்டியால் மட்டமாகத் தேய்த்துவிட்டு வந்தேன்.