சூடு தெரியாத கால்

என் கணவர் தீ மிதிப்பதைப் பார்ப்பதற்கென்றே பகாவ் பட்டணத்திலிருந்து ஆட்கள் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு வருவார்கள். மற்றவர்கள் தீக்குழியை ஓடிக் கடப்பார்கள். அவர் நடப்பார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே போகிறவரைப் போல, அவ்வளவு நிதானம்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர் அவர். கல்யாணமான புதிதில் அவர் மிதித்ததை நான் பார்த்திருக்கிறேன். வாத்து துரத்தினால் சின்னப் பிள்ளை ஓடுமே, அப்படி ஓடிப்போய்க் கடைசியில் இருக்கும் பால்குழியில் விழுந்தார். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்து சில வருஷம் கழித்துத்தான் இந்த நிதானம் வந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதை அவர் நம்பினார்.

பிறகு அவரோடு குடும்பம் நடத்துவது கஷ்டமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். தேத்தண்ணி கேட்பதைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

“சீனி போடலாமாங்க? டாக்டர் வேணாம்னாரே.”

“போடு. அவ பாத்துக்குவா.”

“எவ?”

“ஆத்தாதான்டி!” என்று பழைய குரலில் கத்துவார். அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஒரு வருஷம் திருவிழா முடிந்த வாரத்தில் ஒருநாள் காலையில், வீட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். துடைத்த இடத்தில் ஈரமாகக் கால் தடம். மறுபடி துடைத்தேன். அவர் ஒரு முறை தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போய்வந்தார், மறுபடி தடம். ஒரு கால் மட்டும். குனிந்து முகர்ந்தேன். கவிச்சையடித்தது.

உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினேன். அடிப்பாதத்தில் கொப்புளம் உடைந்து தோல் தனியாகத் தொங்கியது. சுண்டுவிரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

“வலிக்கவே இல்லலா,” என்றார் பெருமையாக. “கொஞ்சம் துன்னூறு போட்டா சரியாப் போயிடும்.”

“வலிக்கலைன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. கெளம்புங்க.”

கோலா பிலா ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி தமிழ்ப்பெண். தூண்டில் நரம்பு போன்ற ஒரு நூலைக் கையில் எடுத்தாள்.

“அங்கிள், கண்ண மூடிக்குங்க. இந்த நூலு கால்ல படும்போதெல்லாம் ‘ஆமா’ன்னு சொல்லணும். சரியா?”

அவர் மூடினார். “ஆமா,” என்றார். கொஞ்சம் விட்டு இன்னொரு “ஆமா.” பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோல் இடைவெளி விட்டு அழகாகச் சொல்லிக்கொண்டே போனார். மிஸ்ஸி நூலை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அங்கிள், நான் இன்னும் தொடவே இல்ல.”

கண்ணைத் திறந்தவர், தொடாததும் தெரிவது அருளின் உயர்ந்த நிலை என்று விளக்கப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தொட்டபோது அவர் சும்மா இருந்தார். அழுத்தினாள், நூல் வளைந்தது, அப்போதும் சும்மா இருந்தார்.

“இந்தக் காலோட எப்படித் தீ மிதிச்சீங்க?”

“ஆத்தா அருள்மா.”

“அருள் இல்ல அங்கிள், நரம்பு. இனிப்பு நீர் கால் நரம்ப சாவடிச்சிருச்சி. சுட்டது, ஆனா உங்களுக்குத் தெரியல.”

அவர் முகம் தொங்கிப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். விரலைப் பற்றிய கவலை அல்ல அது. கோயில் தூணைப் பிடித்து நின்றவரிடம், அது அட்டைத் தூண் என்று சொன்னதுபோல் இருந்தது.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, நான் தாழ்வாரத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவரும் அழுதிருந்தார். இருவரும் சளிப்பிடித்த மாதிரி பேசிக்கொண்டோம்.

புண்ணில் பாரம் படாமலிருக்க முழங்கால்வரை மாவுக்கட்டு. ஆளைத் தெரிந்துகொண்டுதான் கழற்ற முடியாத கட்டாகப் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார். “கோயில்ல சொல்லிடாதம்மா.” டிராக்டரிலிருந்து விழுந்துவிட்டார் என்று எல்லாரிடமும் சொன்னேன். கோயில் தலைவர் ஆப்பிளோடு வந்து, அந்த மாவுக்கட்டையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று தேத்தண்ணிகூடக் கேட்கவில்லை.

புண் ஆறி, ஆஸ்பத்திரியில் செய்துகொடுத்த சப்பாத்தோடு அவர் நடக்க ஆரம்பித்தபோது அடுத்த திருவிழாவுக்கு ஏற்பாடு பேசும் கூட்டம் வந்தது. இவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்றார் தலைவர். என் கணவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“நான் டிராக்டர்லேருந்து விழல. போன வருசம் நெருப்பு சுட்டுருச்சி. வெரல எடுத்துட்டாங்க. எனக்குக் கால்ல உணர்ச்சியே இல்ல.”

தலைவர்தான் மெதுவாகக் கேட்டார். “அப்ப அருளு?”

“என்னோடது நரம்புண்ணே. மத்தவங்களுது எனக்குத் தெரியாது.”

ஒரே கூச்சல். பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள், காரணம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதன் நடுவே ஒருவர் செருப்பைக் கழற்றித் தன் பாதத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார்.

காப்புக் கட்டும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மிஸ்ஸி கோயில் கொட்டகைக்கு வந்தாள். தீ மிதிக்கப் பெயர் கொடுத்தவர்கள் வரிசையாகக் காலை நீட்டினார்கள். தலைவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு “ஆமா, ஆமா” என்றார். மிஸ்ஸி அப்போது நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, நீங்க இந்த வருசம் பால்குடம் எடுங்க,” என்றாள்.

தலைவர் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் பால்குடம்தான் எடுத்தார்.

என் கணவருக்கு வேறொரு சிக்கல். வெறுங்காலோடு எங்கும் நடக்கக்கூடாது. சப்பாத்தோடு கோயிலுக்குள் வரக்கூடாது. திருவிழா அன்று வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஆட்கள் இவரைக் கவனிக்காமல் கடந்துபோனார்கள். மனசு உடைந்துபோவாரோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கேருந்து ஆத்தா மூஞ்சி நல்லாத் தெரியுது புள்ள. உள்ள நிக்கும்போது நான் கண்ணத் தொறந்ததே இல்ல.”

வெயில் ஏறியிருந்தது. நாற்காலியை நிழலுக்கு நகர்த்தலாமா என்று கேட்டேன். வேண்டாம், அங்கிருந்து தெரியாது என்றார். நான் போய்க் குடை எடுத்துவந்தேன்.