எந்தச் சிகிச்சை என்று இறைவனிடம் கேட்டேன்

பேருந்து ஓட்டுபவனுக்குச் சிறுநீரை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கத்துத் தடங்களில் பல வருடம் ஓட்டியவன் நான். எனக்கு அது பழகிப்போன விஷயம். மூன்று வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, அது முடியாமல் போனது. வண்டியை நிறுத்தியதும் கழிவறைக்கு ஓடுவேன். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்து, பாலிகிளினிக் என்னும் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். சர்க்கரை இல்லை. ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற அளவு கூடியிருந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சொன்னார்கள். சிறுநீர்த் தொந்தரவுக்கு ஒரு மாத்திரையே போதுமாக இருந்தது. ஆனால் அந்தத் தொந்தரவு வந்திராவிட்டால் புற்றுநோய் இருப்பது தெரிந்தே இருக்காது.

நோய் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை, ஆனால் சும்மா கவனித்துக்கொண்டிருக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். அறுவை மருத்துவர், சுரப்பியை எடுத்துவிடலாம் என்றார். கதிர்வீச்சு மருத்துவர், கதிர்வீச்சோடு சில மாதம் ஹார்மோன் ஊசியும் போடலாம் என்றார். "இரண்டுமே நல்ல வழிதான். யோசித்து நீங்களே சொல்லுங்கள்" என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

அங்கேதான் நான் உடைந்தேன். சாவைக்கூட நான் அவ்வளவு நினைக்கவில்லை. முடிவெடுக்கத்தான் பயம். அறுவை சிகிச்சை என்றால் சிறுநீர் கசியலாம், தாம்பத்தியம் பாதிக்கலாம். கதிர்வீச்சு என்றால் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் எரிச்சல் வரலாம், ஊசி உடம்பைச் சோர்வாக்கும். எனக்கு மனதை அறுத்தது கசிவுதான். சிறுநீர் கசிந்தால், தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவிச் செய்யும் ஒளு முறிந்துவிடும். ஒளு இல்லாமல் எப்படித் தொழுவேன்?

விடுப்பு நாட்களில் லிட்டில் இந்தியாவுக்குப் போய், வழக்கமாக நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழும் பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு இஸ்திகாரா தொழுதேன். எது எனக்கு நல்லது என்று தெரியாதபோது இறைவனிடம் வழி கேட்டுத் தொழும் தொழுகை அது. கனவு வரும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. தொழுதுவிட்டு வெளியே வந்து, பூக்கடைகளையும் காய்கறிக் கடைகளையும் தாண்டி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பேன். போனபோது இருந்த குழப்பம் அப்படியே இருக்கும். நாம் வேண்டிக் கேட்கும் துஆ மேலே போகவில்லையோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. என் மனைவி கதீஜா புறப்பட்டு நின்றாள்.

"நானும் வர்றேன்."

"அங்க பேசுறதெல்லாம் ஒரு மாதிரியா இருக்கும். நீ வேணாம்."

"பேரன் எடுத்தாச்சு. இன்னும் என்னங்க வெட்கம்? வாங்க லா, நேரமாச்சு."

அறுவை மருத்துவர் மறுபடியும் அதே விளக்கத்தைச் சொன்னார். ஒரு தமிழ்த் தாதி மொழிபெயர்த்தார். கதீஜாதான் தாதியைப் பார்த்துக் கேட்டாள்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க. முதல்ல செய்றது சரியா வரலன்னா, அடுத்து என்ன செய்ய முடியும்?"

அதை நான் கேட்டதே இல்லை. மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். சுரப்பியை எடுத்த பிறகு நோய் திரும்பினால் கதிர்வீச்சு கொடுக்கலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு திரும்பினால் வேறு மருத்துவம் உண்டு, ஆனால் சுரப்பியை எடுப்பது கடினம். என் உடல்நிலைக்கு முதலில் அறுவை சிகிச்சை ஒத்துவரும்.

என் நெஞ்சு சட்டென்று அமைதியானது. எது நன்மையோ அதில் என் மனதைத் திருப்திப்படுத்து என்றுதான் அத்தனை நாளும் கேட்டிருந்தேன். அந்தத் திருப்தி அந்த அறையில் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொன்னேன்.

ஒளு பற்றிப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு பாய். தொழுகை நேரம் வந்ததும் சுத்தம் பண்ணி, புது பேட் வெச்சு, ஒளு எடுத்துத் தொழுங்க. அப்புறம் கசிஞ்சாலும் தொழுகை கூடும், முறியாது" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. கசிவு சில மாதம் இருந்தது. இடுப்புத் தசைப் பயிற்சி செய்து செய்து குறைந்தது. தாம்பத்தியம் முன்போல இல்லை. அதை மறைக்க மாட்டேன். எடுத்த சுரப்பியைச் சோதித்தபோது, நோய் நினைத்ததைவிடத் தீவிரம், ஓரம்வரை வந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரு வருடம் கழித்து பிஎஸ்ஏ மெல்ல ஏறியது. உடனே கதிர்வீச்சு கொடுத்தார்கள். சுரப்பியை முதலில் எடுத்திருந்ததால், கொடுக்க வழி இருந்தது. கதீஜாவின் கேள்வி எதற்காக வந்தது என்று அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அந்த அளவு கிட்டத்தட்ட இல்லை என்னும் நிலையில் இருக்கிறது.

எல்லாரும் அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேலாங்கில் இருக்கும் என் நண்பர் செல்வராஜுவுக்கும் இதே நோய். அவர் கோயிலில் வேண்டிக்கொண்டு கதிர்வீச்சு எடுத்தார். நன்றாக இருக்கிறார். அவரவர் உடம்புக்கு அவரவர் வழி.

முன்பெல்லாம் இந்தப் பேச்சை வாயில் எடுக்க மாட்டேன். இப்போது சக ஓட்டுநர்களிடம் நானே கேட்கிறேன், "போய் செக் பண்ணீங்களா?" என்று. சிலர் சிரிக்கிறார்கள். இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சகோதரர்களே, மருத்துவரிடம் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். துஆவை விடாதீர்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை ரமலானுக்கு முன் வருகிறது. கதீஜாவும் வருவாள். என்ன அளவு வந்தாலும், கேட்பதற்கு எங்களுக்கு இறைவன் ஒருவன் இருக்கிறான். உங்களுக்கும் இருக்கிறான். கேளுங்கள்.